பத்து மணிப் பால்

கக்குகிற பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து அறையில், விடலாமா என்று இதுவரை ஏழு தாய்மார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஏழு பேருக்கும் வாயால் சொன்னதில் ஒருவருக்கு ஒன்று விட்டுப்போகிறது, இன்னொருவருக்கு ஒன்று கூடிப்போகிறது. அதனால் எழுதி வைக்கிறேன். விடலாம். எங்கள் பேரன் கபிலனை விட்டோம். அவனுக்கு இப்போது நாலு வயது. என் மூக்குக்கண்ணாடியை இந்த மாதத்தில் மட்டும் இரண்டு தடவை ஒளித்து வைத்துவிட்டான்.

நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தொன்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். மலையில் ஆள் எண்ணுவது, கொழுந்து நிறுக்கும்போது பேருக்கு எதிரே நிறையை எழுதுவது, இதுதான் வேலை. பென்ஷன் வாங்கி வீட்டோடு இருந்த நாளில் கபிலன் பிறந்தான். என் மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறான். ஆகவே வீட்டில் நானும், மருமகள் செல்வியும், பிள்ளையும் மட்டும். செல்வி கொழுந்து பறிக்கிறவள்.

பிறந்த பதினாறாம் நாள் கக்கத் தொடங்கினான். பிள்ளை என்றால் கக்கும், அது எனக்கும் தெரியும். ஆனால் இவன் கக்கியது கடைவாயில் வழிகிற கக்கல் அல்ல. குடித்ததெல்லாம் தோளைத் தாண்டி வந்து விழும். பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழுவான். பசியில் மறுபடி குடிப்பான், மறுபடி கக்குவான். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன். பத்தொன்பது தடவை. லயத்து வீடுகளில் கண்ணூறு என்றார்கள். மூன்று முறை சுற்றிப் போட்டோம். தோட்டத்து டிஸ்பென்சர் ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். ஒன்றும் நிற்கவில்லை.

பிறந்து ஒன்றரை மாதம் கழிந்து, ஏழாவது கிழமை, ஒரு காலையில் செல்வி பிள்ளையின் துணியை விரித்துக் கொண்டுவந்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் பாருங்க. நான் பீட்ரூட்டும் திங்கல."

சளியோடு ரத்தம். நூல் நூலாக மூன்று இடத்தில். அந்தத் துணியை அப்படியே ஒரு பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். உங்களுக்கும் சொல்கிறேன், துணியைக் கழுவாமல் கொண்டுபோங்கள். நாம் பத்து நிமிடம் சொல்வதை டாக்டர் துணியைப் பார்த்து ஒரு நொடியில் தெரிந்துகொள்வார்.

அன்றே வாட்டில் நிறுத்திக்கொண்டார்கள். ஒன்பது நாள். சிறுவர் வாட்டில் தாய் மட்டும்தான் தங்கலாம். நான் வராந்தா வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பார்க்க விடும் நேரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை; அந்த மூன்றுக்கும் வாசலில் முதல் ஆள் நான்தான். செல்வியின் கட்டில் வாசலிலிருந்து பதினான்காவது. அதில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. அந்தப் பிள்ளையின் தாய் மீகஹகிவுலப் பக்கத்துச் சிங்களப் பெண். செல்விக்குச் சிங்களம் அரைகுறை, அவளுக்குத் தமிழ் அதைவிடக் குறைவு. ஆனாலும் இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

செய்த சோதனைகள் மூன்று. ரத்தம் எடுத்தது, சளிச்சுரமோ வேறு கிருமியோ இருக்கிறதா என்று பார்க்க. மலம் எடுத்தது, வயிற்றுளைச்சலா என்று பார்க்க. மூன்றாவது ஸ்கேன். பயப்பட வேண்டாம், அதில் ஊசியில்லை. வயிற்றில் பசை தடவி ஒரு சிறிய கருவியை உருட்டுவார்கள். இரைப்பையின் கீழ் வாசல் தடித்து அடைத்திருந்தால் அதில் தெரியும், அப்படியென்றால் ஆபரேஷன். இவனுக்கு அடைப்பில்லை. அதைக் கேட்கும் வரை நான் சாப்பிட்டது இரண்டு பணிஸ்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். அவர் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஐயா, சாப்பாட்டுக் குழாயும் இரைப்பையும் சேருற இடத்தில ஒரு வாய் இருக்கு. எங்களுக்கு அது இறுக்கிப் பூட்டும். இவருக்கு இன்னும் பூட்டப் பழகேல்லை. அதால குடிச்சது மேல வருது. வளர வளரச் சரிவரும்."

"ரத்தம் டாக்டரம்மா?"

"அது வேற கதை. அம்மா, நீங்கள் காலமை என்ன சாப்பிடுறனீங்கள்?"

செல்வி சொன்னாள். காலையில் மருத்துவிச்சி அம்மா கொடுத்த சத்துமா உருண்டை இரண்டு. சாயந்தரம் பால் தேத்தண்ணி. கறிக்கு வாரத்தில் மூன்று நாள் சோயா மீட்.

"நீங்கள் சாப்பிடுற பசுப்பாலும் சோயாவும் துளித்துளியா உங்கட பாலுக்குள்ள வரும். மற்றப் பிள்ளையளுக்கு அது ஒண்டும் செய்யாது. இவற்ற குடலுக்கு ஒத்துக்கொள்ளேல்லை, சிராய்ச்ச மாதிரிப் புண்ணாகுது. அவ்வளவுதான். உங்கட பால் நல்ல பால். நீங்கள் சாப்பிடுறதைத்தான் மாத்த வேணும்."

பசுப்பால், பால்மா, தயிர், பிஸ்கட், சோயா எல்லாம் நிறுத்தம். சத்துமாப் பையில் எழுதியிருந்ததை நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்; சோயாவும் இருந்தது, பால்மாவும் இருந்தது. தேங்காய்ப்பால் ஆகுமா என்று கேட்டேன். ஆகும். இதை ஏழு பேரும் கேட்டார்கள், அதனால் மறுபடி எழுதுகிறேன், தேங்காய்ப்பால் ஆகும். கக்கலுக்கு, குடித்த பிறகு இருபது நிமிடம் பிள்ளையைத் தோளில் நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னார். இந்த விஷயத்தில் என் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. ஆயிரத்து இருநூறு வரை எண்ணுவேன்.

வாட்டில் காலையில் எல்லாத் தாய்மாருக்கும் பால் தேத்தண்ணிதான் ஊற்றுவார்கள். முதல் நாள் செல்வி அதைக் குடிக்காமல் வைத்திருந்தாள். மறுநாளிலிருந்து அந்த மீகஹகிவுலப் பெண் தன் வீட்டிலிருந்து வந்த பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணியும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் செல்விக்கு எடுத்துவைத்து, செல்வியின் பால் தேத்தண்ணியைத் தான் குடித்தாள். தாதி ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "ஹரி, சரி. கிரி எபா, பால் வேணாம்" என்று இரண்டு மொழியிலும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். ஆறு காலை அப்படி நடந்தது.

ஏழாம் நாளோடு ரத்தம் நின்றது. ஒன்பதாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது டாக்டர் சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது.

"இனி ரத்தம் வராட்டில் தாய்ப்பாலே போதும். திருப்பி வந்தால், அம்மான்ர பாலை நிப்பாட்டிப்போட்டு வேற விசேஷ பால்மாதான் குடுக்க வேண்டிவரும். அது கொழும்பிலதான் கிடைக்கும்."

விலையையும் சொன்னார். ஒரு தகரப் பேணி மூன்று நாளைக்குத்தான் வரும்; செல்வி ஆறு நாள் கொழுந்து பறித்தாலும் ஒரு பேணி வாங்க முடியாது. ஆனால் செல்வி அன்று பஸ்ஸில் விலையைப் பற்றிப் பேசவில்லை. "என் பால நிப்பாட்டக் கூடாது மாமா" என்பதை மட்டும் பசறை வருவதற்குள் நாலு தடவை சொன்னாள்.

பிரசவ லீவு முடிந்தது. பிள்ளையை நான் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பால் எங்கே? எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. பிள்ளைக்காம்பரா மேலே, மலைகளுக்கு நடுவில். பத்து மணிக்குத் தாய்மார் மலையிலிருந்து இறங்கி வந்து அங்கேதான் பால் கொடுப்பார்கள். ஆகவே அங்கேதான் விட்டாக வேண்டும்.

பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவள் மரகதம். முன்பு என் கணக்கில் கொழுந்து பறித்தவள். பெரிதும் சிறிதுமாகப் பதினொரு பிள்ளைகள் அவள் கையில். கொடுக்கக் கூடாதவற்றை ஒரு அட்டையில் பதினொன்றாக எழுதிக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டச் சொன்னேன். அவள் வாசித்துப் பார்த்தாள்.

"பதினொன்னாவது ஐஸ்கிரீமுங்களா?"

"ஆமா."

"மூணு மாசப் புள்ளைக்கு யாருங்க ஐயா ஐஸ்கிரீம் குடுக்கப் போறா?"

"எழுதி வச்சா நல்லதுதானே."

"அப்ப சாராயத்தையும் சேத்து எழுதிருங்க. பன்னெண்டாப் போகும்."

ஆனாலும் ஒட்டினாள். இருபது நிமிடம் பிள்ளையை நிமிர்த்திப் பிடிக்க அவளுக்கு நேரம் கிடையாது என்பதால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தாய்மார் பால் கொடுக்கும் நேரத்தில் ஆண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. வெளியே சவுக்கு மரத்தடியில் நிற்பேன். கொடுத்து முடித்ததும் மரகதம் அரைக்கதவுக்கு மேலாகப் பிள்ளையை நீட்டுவாள். தோளில் போட்டுக்கொண்டு எண்ணுவேன்.

"பேர் போட வந்துட்டாருடி கணக்கப்புள்ள" என்று உள்ளே யாராவது சொல்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

முதல் ஆறு நாளும் நன்றாகப் போயிற்று. கக்கல் ஐந்துக்கு இறங்கிவிட்டது. ஏழாம் நாள் செல்வியின் கூட்டத்தை ஏழாம் நம்பர் மலைக்கு மாற்றினார்கள். அது ஓடைக்கு அந்தப் பக்கம். பத்தாம் நாள் துணியில் இரண்டு நூல் ரத்தம். பன்னிரண்டாம் நாள் ஐந்து.

செல்வி தானாகவே பருப்பை விட்டாள். மறுநாள் முட்டையை விட்டாள். அதற்கு மறுநாள் கருவாட்டை. வெறும் சோற்றில் உப்புப் போட்டு முருங்கைக் கீரையோடு தின்றுவிட்டு மலைக்குப் போனாள். கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றுவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்ததை நானே பார்த்தேன்.

"சாப்புடு புள்ள. டாக்டரு இதையெல்லாம் விடச் சொல்லலியே."

"வேற என்னத்த விடுறது மாமா? என் பாலுதான் ஆகல போலருக்கு."

செவ்வாய்க்கிழமை பதுளை கிளினிக். இடையில் நாலு நாள். போனால் டாக்டர் பாலை நிறுத்தச் சொல்வார். நான் தினமும் எழுதிவந்த கொப்பியை எடுத்து முதலிலிருந்து பார்த்தேன். எத்தனை தடவை குடித்தான், எத்தனை தடவை கக்கினான், எப்போது அழுதான், எப்போது நிறுத்தினான் எல்லாம் அதில் இருந்தது. ஏழாம் நாளிலிருந்து செல்வி பத்து மணிக்கு வரவில்லை. பத்து இருபத்தைந்துக்குத்தான் ஓடிவந்திருக்கிறாள். ஆனால் பிள்ளையின் அழுகை பத்துப் பத்துக்கே நின்றிருக்கிறது. ஒரு நாள் அல்ல, எல்லா நாளும். அழுது களைத்துத் தூங்கிவிட்டான் என்று நான் அப்போது நினைத்திருந்தேன். பசித்த பிள்ளை தினமும் ஒரே நேரத்தில் களைக்குமா?

மரகதம் பால்மா கரைத்துக் கொடுக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் சவுக்கு மரத்தடியில் காத்திருந்தேன். பத்துப் பத்துக்கு அழுகை நின்றது. அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலை வைத்துவிட்டேன். தடுப்புச் சேலைக்குப் பின்னால் பெண்கள் தலைப்பை இழுத்து மூடினார்கள். மரகதம் குறுக்கே வந்து நின்றாள்.

"ஆம்பளைங்க வர்ற நேரமாங்க ஐயா இது?"

"என் பேரனுக்கு என்ன குடுத்த?"

"நான் ஒன்னும் குடுக்கல."

"பொய் சொல்லாத மரகதம். பால்மாதானே குடுத்த? அட்டையில மொதல்லயே எழுதியிருக்கேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அலமாரியைத் திறந்து கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"எண்ணிக்கங்க. பதினொன்னு. ஒன்னுலயாவது ஈரம் இருக்கா? கைய விட்டுப் பாருங்க. எண்ணுறதுதானே ஒங்க தொழிலு."

எல்லாம் காய்ந்து கிடந்தன. அப்போது சேலைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"அக்காவ ஏசாதீங்க மாமா. நான்தான் குடுத்தேன்."

அது சாந்தி. பக்கத்துத் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்கிறவள், ஐந்து மாதப் பெண் குழந்தைக்குத் தாய். நாற்றுமேடை அருகிலேயே இருப்பதால் பத்து அடிப்பதற்குள் வந்துவிடுவாள்.

"கத்துறான் மாமா. தொண்டை கிழியுற மாதிரி. நான் எம்புள்ளைக்குக் குடுத்துக்கிட்டு எப்புடிப் பாத்துக்கிட்டு இருக்கறது? ஒரு பக்கம் அவளுக்கு, ஒரு பக்கம் இவனுக்கு."

எங்கள் தோட்டத்தில் இது புதிதல்ல. தாய் வர நேரமானால் பக்கத்தில் இருக்கிறவள் அணைத்துக்கொள்வாள். என் மகனும் அப்படி இரண்டு பேரிடம் குடித்தவன்தான். அதை யாரும் வேறு ஆகாரமென்று நினைப்பதில்லை. சாந்தியும் நினைக்கவில்லை, மரகதமும் நினைக்கவில்லை. பதினொன்று எழுதிய எனக்கும் அது தோன்றவில்லை.

"இன்னைக்குக் காலையில என்னம்மா சாப்ட?" என்று கேட்டேன்.

"சத்துமாதான். தெனமும் மூணு உருண்டை. மருத்துவிச்சி அம்மா பாலு ஊறும்னு சொன்னாங்க."

அந்த நேரத்தில் செல்வி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பாதிதான் கேட்டிருப்பாள். ஆனால் போதுமானதைக் கேட்டுவிட்டாள்.

"எத்தன நாளா சாந்தி?"

"நீ ஏழாம் நம்பருக்குப் போன நாள்ல இருந்து. கோவிச்சுக்காதடி."

செல்வி கூடையைக் கூடக் கழற்றவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். "அப்ப என் பாலு இல்ல" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சாந்தியைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். "என் பாலு இல்லடி." சாந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவளும் சேர்ந்து அழுதாள்.

நான் கோப்பைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தேன். மரகதம் ஆரம்பித்தாள்.

"பாலு குடுத்தவள விடுங்க. பெத்தவ ஏன் லேட்டா வர்றான்னு கேட்டீங்களா?"

"ஏழாம் நம்பர் தூரம்."

"தூரம் பத்து நிமிசம். மத்த நேரமெல்லாம் தராசுக்கு முன்னால நிக்கிறா. கொழுந்து நிறுக்காம பாலு குடுக்கப் போனா அந்தக் கொழுந்து பேருல விழாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

போட்டது நான். ஒரு வருடம், பால் கொடுக்கப் போன ஒருத்தியின் கொழுந்தை இன்னொருத்தி தன் கூடையில் கொட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சண்டை. அதற்காக நான் போட்ட ஒழுங்கு. நான் வேலையை விட்ட பிறகும் அது அப்படியே நடக்கிறது. நாற்பது பேர் வரிசையில் பிள்ளைக்காரி எங்கே நின்றாள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மரகதத்தின் மூத்தவன் கைப்பிள்ளையாக இருந்தபோது அவளும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாள்.

"மரகதம், நான் ஒன்னையப் பேசுனது தப்பு" என்றேன்.

"சட்டம் போட்டது?"

"அதுவும் தப்புத்தான்."

"சரி. இப்ப வெளிய போங்க. பொம்பளைங்க பாலு குடுக்கணும்."

மறுநாள் விடிய பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த இடத்தில் நான் கால் வைத்து மூன்று வருடமாகியிருந்தது. இப்போதைய கணக்கப்பிள்ளை இளைஞன், என்னிடம் வேலை பழகியவன். பிள்ளைக்காரிகளின் கொழுந்தை முதலில் நிறுத்து அனுப்பிவிடு என்று கேட்டேன்.

"நீங்க போட்ட ஒழுங்குதானே ஐயா."

"அப்ப நானே மாத்தச் சொல்றேன். மொத்தம் ஆறு பேரு. ஆறு கூடை நிறுக்க ஏழு நிமிசம். மத்தவங்க ஏசுனா என் பேரச் சொல்லு."

"ஏற்கனவே அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றான். கூட்டத்தில் சிரித்தார்கள். அன்றிலிருந்து அப்படியே நிறுத்தான்.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். சாந்தி சத்துமாவை விட்டுவிடத் தயாராக இருக்கிறாள், அப்படியென்றால் அவசரத்துக்கு அவளும் கொடுக்கலாமா என்று செல்வி கேட்டாள். அது சாந்தி தானாகச் சொல்லி அனுப்பியது. டாக்டர் பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவவுக்கு என்ர நன்றியைச் சொல்லுங்கோ. ஆனால் வேண்டாம். அவவின்ர பிள்ளைக்கு அந்தச் சத்து வேணும். வேற ஆரின்ர பால் எண்டாலும் இவருக்கு இப்ப பரீட்சை வைக்கேலாது."

பிறகு செல்விக்குக் கையால் பால் கறந்து வைக்கும் முறையைத் தாதியைக் கொண்டு காட்டினார். கொதிநீரில் போட்டெடுத்த கோப்பை, சுத்தமான மூடி, குளிர்ந்த இடம். எங்கள் மலைக் குளிரில் காலையில் கறந்தது பத்து மணிக்கு நன்றாக இருக்கும். போத்தல் வேண்டாம், கோப்பையால் சிறிது சிறிதாகப் புகட்டினால் போதும். இரண்டு கிழமை பார்ப்போம், அப்போதும் ரத்தம் வந்தால் பாலை நிறுத்தத்தான் வேண்டும் என்றார்.

கோப்பையை மரகதத்தின் கையில்தான் கொடுக்க வேண்டும். செல்வி மலையிலிருந்து வர ஐந்து நிமிடம் பிந்தினாலும் அவள்தான் புகட்ட வேண்டும். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நம்பிக் குடுக்குறீங்களா, இல்ல பாலையும் அளந்து வச்சிருக்கீங்களா?"

அளந்துதான் வைத்திருந்தேன். ஆனால் சொல்லவில்லை. அவள் அவனை மடியில் சாய்த்து, உதட்டில் கோப்பை விளிம்பை வைத்து, அவன் நக்கி நக்கிக் குடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள். நிற்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அரைக்கதவு அன்று திறந்தே இருந்தது.

நாலாம் நாள் ஒரு நூல். ஆறாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. செல்வி பருப்பையும் முட்டையையும் மறுபடி தின்றாள். அப்போதும் ஒன்றுமில்லை.

இரண்டு கிழமை கழித்துப் பதுளைக்குப் போனோம். நிறை பார்த்தார்கள், ஐந்து கிலோவும் நூறு கிராமும். டாக்டர் துணியைப் பார்த்தார், என் கொப்பியையும் வாங்கிப் பார்த்தார்.

"பாலை நிப்பாட்டத் தேவையில்லை. ஆறு மாதம் வரைக்கும் உங்கட பால்தான்."

"இன்னொருக்காச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள் செல்வி.

டாக்டர் இன்னொருக்காவும் சொன்னார்.

பஸ் நிலையத்துக்கு வந்து ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். பிள்ளைக்குப் பசி. செல்வி மடியில் எடுத்து வைத்தாள். அவன் பிடித்துக் குடிக்கத் தொடங்கிய நேரத்தில் லுணுகலை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பசற, லுணுகல என்று கூவினான். ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். யன்னலோரத்தில் இரண்டு இடம் இன்னும் காலியாக இருந்தது.

செல்வி பழக்கத்தில் பிள்ளையின் வாயை விடுவிக்க விரலை வைத்தாள்.

"பஸ்ஸு மாமா."

"குடிக்கட்டும்."

"அடுத்தது எப்ப வருமோ."

"வர்றப்ப வரட்டும் புள்ள. நீ குடு."

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டுப் போயிற்று.